பன்னிரண்டு வயல், மூன்று விடை: நம்பிக்கை ஆயிடையை எந்த முறையில், எந்தக் கருவியில் கணிப்பது?

முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காலபோக அறுவடை நேரம். பன்னிரண்டு வயல்களில் மாதிரித் துண்டு வெட்டி, நெல்லை நிறுத்து, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று மாற்றி எழுதியாயிற்று என வைத்துக்கொள்வோம்: 1420, 1510, 1680, 1550, 1730, 1600, 1480, 1640, 1590, 1700, 1370, 1570. (கணக்கைக் காட்ட எடுத்த எண்கள், எந்த ஆண்டின் விளைச்சலும் அல்ல. கீழே வரும் கிணறு, வீடு எண்களும் அப்படியே.) இடை 1570 கிலோ. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வராது.

95% நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மை இடை இருக்கக்கூடும் என்று மாதிரியை வைத்து நாம் தரும் இரு எல்லைகள், எவ்வளவு என்று கேட்டால் கதை மாறும். ஒருவருக்கு 1510 முதல் 1630 வரை வரும். அடுத்தவருக்கு 1507 முதல் 1633. மூன்றாமவருக்கு 1499.5 முதல் 1640.5. மூவரும் தட்டியது அதே பன்னிரண்டு எண்கள்தான்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பவர்களும், கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் படிப்பவர்களும், வெளிக்களத்தில் தரவு திரட்டும் அலுவலர்களும் அடிக்கடி கேட்பது “ஆர் படிக்கவா, பைதன் படிக்கவா, எக்செல்லே காணுமா?” என்றுதான். (ஆர், பைதன் இரண்டும் கணினி நிரல்மொழிகள்.) எங்கள் எண்ணத்தில் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டியது. தரவு எப்படித் திரட்டப்பட்டது, அதற்கு எந்த ஆயிடை பொருந்தும் என்பதே முதலாவது. அதை நீங்கள் முடிவெடுக்காவிட்டால், நிரலை எழுதியவர் உங்களுக்காக ஏற்கெனவே முடிவெடுத்து வைத்திருப்பார். கருவிக்குக் கருவி அந்த முடிவு வேறு.

சார்புகளின் (கருவிகளில் தயாராக உள்ள கணிப்புக் கட்டளைகளின்) பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தருகிறோம்; கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்துத்தான்.

மூன்று விடையும் எங்கிருந்து வந்தன

இடையிலிருந்து ஒவ்வொரு வயலும் விலகும் தூரத்தை வர்க்கித்துக் கூட்டினால் 135,400. இதை 11 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் 110.9. 12 ஆல் பிரித்தால் 106.2. மாதிரியிலிருந்து குடித்தொகையை ஊகிக்கும்போது 11 தான் சரி. இடையையே அதே தரவிலிருந்து எடுத்ததால் ஒரு சுயாதீனப் படி (சுயமாக மாறக்கூடிய எண்) போய்விட்டது.

110.9 ஐ 12 இன் வர்க்கமூலமான 3.464 ஆல் பிரித்தால் நியம வழு 32.03. இதை எதால் பெருக்குவது என்பதில்தான் அடுத்த வேறுபாடு. செவ்வன் பரம்பலின் 1.96 ஆல் பெருக்கினால் இருபக்கமும் 62.8 கிலோ. 11 சுயாதீனப் படிகளுக்கான டி பரம்பலின் பெறுமானம் 2.201 ஆல் பெருக்கினால் 70.5 கிலோ. நியம விலகலையே நாம் பன்னிரண்டு வயல்களிலிருந்து ஊகித்திருக்கிறோம். அந்த ஊகத்திலுள்ள தளம்பலுக்கும் சேர்த்து இடம்விடுவது டி மட்டுமே. ஆகவே மூன்றாமவரின் 1499.5 – 1640.5 தான் எழுதவேண்டியது. முதலாமவர் 12 ஆல் பிரித்து, 1.96 ஆலும் பெருக்கி, இரண்டு பிழையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அவருடைய ஆயிடை ஏழில் ஒரு பங்கு ஒடுங்கிப்போயிற்று.

இனி இந்தப் பிழைகள் எந்தக் கருவியில் எந்த இடத்தில் ஒளிந்திருக்கின்றன என்று பார்க்கலாம்.

எக்செல்லில் ‘எஸ்டிடெவ்.எஸ்’ 11 ஆல் பிரிக்கும், ‘எஸ்டிடெவ்.பி’ 12 ஆல் பிரிக்கும். பழைய ‘கான்ஃபிடன்ஸ்’ சார்பும் ‘கான்ஃபிடன்ஸ்.நோர்ம்’ உம் 1.96 ஐத்தான் எடுக்கும். டி வேண்டுமென்றால் ‘கான்ஃபிடன்ஸ்.டி’. இவை மூன்றும் தருவது ஆயிடையை அல்ல, அதன் பாதி அகலத்தை. 70.5 என்று வரும் எண்ணை இடையுடன் கூட்டியும் கழித்தும் எடுக்கவேண்டியது உங்கள் வேலை. தரவுப் பகுப்பாய்வுச் செருகியில் விவரணப் புள்ளிவிபரத்தின் கடைசி வரியாக வருவதும் இதே பாதி அகலம்தான். அது டி முறையில் வருவது நல்ல காலம்.

பைதனில் கணிப்புக்கென்று நம்பை, பான்டாஸ், சைபை போன்ற துணைநூலகங்கள் உண்டு. நம்பையின் ‘எஸ்டிடி’ சும்மா விட்டால் 12 ஆல் பிரிக்கும்; ‘டிடொஃப்=1’ என்று நீங்களே கொடுக்கவேண்டும். பான்டாஸின் ‘எஸ்டிடி’ சும்மா விட்டாலே 11 ஆல் பிரிக்கும். ஒரே எண்களைப் பான்டாஸ் அட்டவணையில் வைத்துக் கேட்டால் ஒரு விடை, நம்பை அணியாக மாற்றிக் கேட்டால் இன்னொரு விடை. சைபையில் ‘டி.இன்டர்வல்’ சார்பின் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் நியம வழுவைக் கொடுக்கவேண்டும். நியம விலகலைக் கொடுத்துவிட்டால் 1326 முதல் 1814 வரை என்று நீண்ட ஆயிடை வரும், எச்சரிக்கை ஒன்றும் வராது. இன்னொன்று: 95% என்பதைக் குறிக்கும் இடத்தின் பெயர் முன்பு ‘ஆல்ஃபா’, இப்போது ‘கான்ஃபிடன்ஸ்’. பழைய பாடக்குறிப்பிலிருந்து எடுத்த நிரல் புதிய பதிப்பில் நின்றுபோவது இதனால்தான்.

ஆரில் ‘டி.டெஸ்ட்’ என்று தரவைக் கொடுத்தால் போதும், 1499.5 – 1640.5 நேரே வரும். விடுபட்ட பெறுமானங்களையும் தானே ஒதுக்கிவிட்டு எண்ணும். கையால் கணிக்கப் புறப்பட்டால்தான் ஆபத்து: இடையை எடுக்கும்போது விடுபட்டவற்றை நீக்கச் சொல்லிவிட்டு, மாதிரி அளவுக்கு ‘லெங்த்’ ஐப் பயன்படுத்தினால் வெறுமையான இடங்களும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். நியம வழு சிறுத்து, ஆயிடை பொய்யாக ஒடுங்கும். பான்டாஸில் ‘லென்’ எடுத்தாலும் இதேதான், ‘கவுண்ட்’ எடுங்கள்.

கிணறுகள்: விகிதசமன் சிறிதாக இருக்கும்போது

இங்கேதான் முறைத் தெரிவு உயிர்நாடி. 40 கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்ததில், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லையைத் தாண்டியவை 2 என்போம். விகிதசமன் 5%.

பாடசாலையில் படித்த சூத்திரம் வால்ட் ஆயிடை எனப்படும். அதன்படி நியம வழு 3.45%, 1.96 ஆல் பெருக்க 6.75%. ஆயிடை மறை 1.75% முதல் 11.75% வரை. மறைப் பெறுமானத்தில் கிணறு எங்கே இருக்கிறது? பலர் அந்த மறையைப் பூச்சியம் என்று திருத்தி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது புண்ணை மூடி மறைப்பதே தவிர ஆற்றுவதல்ல, ஏனென்றால் மேல் எல்லையும் பிழை. இந்தச் சூத்திரத்தில் நியம வழு, மாதிரியில் கண்ட விகிதசமனிலிருந்தே பிறக்கிறது. தற்செயலாகக் குறைந்த கிணறுகள் அகப்பட்டால் ஊகமும் குறைகிறது, ஊகத்தின் வழுவும் கூடவே குறைகிறது. எப்போது அதிகம் தயங்கவேண்டுமோ அப்போது அதிகம் துணிகிறது. 40 கிணறுகளில் ஒன்றுமே தாண்டாவிட்டால் ஆயிடை 0 முதல் 0 வரை! மாவட்டம் முழுவதும் ஒரு கெட்ட கிணறும் இல்லை என்று 40 கிணறுகளை வைத்து எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

வில்சன் 1927இல் தந்த முறை கேள்வியைத் திருப்பிக் கேட்கிறது: உண்மை விகிதசமன் எவ்வளவாக இருந்தால் 40இல் 2 என்பது வியப்பாக இராது? இதைக் கையாலேயே போடலாம். 1.96 இன் வர்க்கம் 3.84. நடுப்புள்ளி: 2 உடன் அதில் பாதியான 1.92 ஐக் கூட்டி, 40 உம் 3.84 உம் சேர்ந்த 43.84 ஆல் பிரித்தால் 8.94%. பாதி அகலம்: 2 ஐ 38 ஆல் பெருக்கி 40 ஆல் பிரித்தால் 1.9; அதனுடன் 3.84 இன் கால்பங்கான 0.96 ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.691, அதை 1.96 ஆல் பெருக்கி 43.84 ஆல் பிரித்தால் 7.56%. ஆயிடை 1.4% முதல் 16.5% வரை. ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை. பூச்சியத்தை ஒட்டி நிற்கும் விகிதசமனுக்கு ஆயிடை அப்படித்தான் இருக்கவேண்டும்.

குளொப்பரும் பியர்சனும் 1934இல் தந்த ‘துல்லிய’ முறை ஈருறுப்புப் பரம்பலையே நேரடியாக எடுக்கிறது: 0.6% முதல் 16.9% வரை. எக்செல்லில் இதற்குத் தனிச் சார்பு இல்லையென்றாலும் ஒரே வரிதான் தேவை. கீழ் எல்லைக்கு ‘பீட்டா.இன்வ்’ இல் 0.025, 2, 39; மேல் எல்லைக்கு 0.975, 3, 38. பூச்சியம் வந்தால் கீழ் எல்லையைப் பூச்சியம் என்றே எழுதுங்கள். சூத்திரம் அங்கே பிழை காட்டும். மேல் எல்லை 8.8% என்று வரும்.

மூன்றில் எது? உண்மை விகிதசமன் 5% என்று வைத்து, 40 கிணற்று மாதிரிகளை ஈருறுப்புப் பரம்பலில் எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். 95% என்று பெயர்போட்ட வால்ட் ஆயிடை உண்மையில் 86.8% தடவைகள்தான் அந்த 5% ஐப் பிடிக்கிறது. வில்சன் 95.2%. குளொப்பர்–பியர்சன் 98.6%. முதலாவது சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. மூன்றாவது தேவைக்கு மேல் அகலம். பொது வேலைக்கு வில்சன். குடிநீர்ப் பாதுகாப்புப்போல, குறைத்துச் சொன்னால் ஆளுக்குத் தீங்கு வரக்கூடிய இடத்தில் குளொப்பர்–பியர்சனின் அகலத்தை ஏற்றுக்கொள்வது நியாயம். வால்டை இந்த அளவு மாதிரிக்கு எந்த இடத்திலும் பரிந்துரைக்கமாட்டோம்.

கருவிகளோ இதில் ஆளுக்கொரு பக்கம். ஆரின் ‘புரொப்.டெஸ்ட்’ வில்சனைத்தான் தருகிறது, ஆனால் ஆயிடையைச் சற்று அகட்டும் தொடர்ச்சித் திருத்தத்துடன்: 0.9% முதல் 18.2% வரை. சுத்த வில்சன் வேண்டுமென்றால் ‘கரெக்ட்=ஃபால்ஸ்’. ‘பைனொம்.டெஸ்ட்’ குளொப்பர்–பியர்சன். பைதனின் ஸ்டாட்ஸ்மொடல்ஸில் ‘புரொபோர்ஷன்_கொன்ஃபின்ட்’ சும்மா விட்டால் வால்ட். முறையின் இடத்தில் ‘வில்சன்’ என்று எழுதவேண்டும், குளொப்பர்–பியர்சனுக்கு ‘பீட்டா’. சைபையின் ‘பைனொம்டெஸ்ட்’ சும்மா விட்டால் துல்லிய முறை. ஆகவே “பைதனில் கணித்தோம்” என்று அறிக்கையில் எழுதுவது ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

ஒரே வாய்க்காலின் வீடுகள்

இதுவரை சொன்னவை ஒவ்வொரு அவதானமும் தனித்தனியே எழுமாறாக எடுக்கப்பட்டது என்ற நிபந்தனையில் நிற்பவை. வன்னியில் நடக்கும் வீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து மாந்தை கிழக்கு வரை சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனித்தனியே போக வாகனமும் நாளும் காணாது. 20 கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிந்து, பிரிவுக்கு 10 வீடு என்று 200 வீடுகளைப் பார்ப்பதே வழமை.

அதில் 60 வீட்டார் “ஓகஸ்டில் கிணறு வற்றுகிறது” என்றால் 30%. 200 வீடும் தனித்தனி என்று கொண்டால் ஆயிடை 23.6% முதல் 36.4% வரை. ஆனால் குளத்தோரத்துக் கிணறு ஒன்று வற்றாவிட்டால் அயலிலுள்ள கிணறும் வற்றாது. மேட்டுக்காணியில் ஒன்று வற்றினால் பக்கத்ததும் வற்றும். பத்தாவது வீட்டுக்குப் போகும்போது புதிதாக அறிவது கொஞ்சம்தான். ஒரு பிரிவின் பத்து வீடுகளும் ஒரு கொத்து. கொத்தினுள் இணைபு, அதாவது அயல்வீடுகளின் விடைகள் ஒத்துப்போகும் அளவு, 0.1 என்று மிதமாகவே இருந்தாலும், மாறல் எத்தனை மடங்காகிறது என்று காட்டும் வடிவமைப்பு விளைவு 1 உடன் 9 (பத்தில் ஒன்று குறைய) தர 0.1, அதாவது 1.9. 200 வீட்டின் பெறுமதி 105 வீட்டளவுக்கு இறங்கிவிடுகிறது. 20 கொத்துக்கு 19 சுயாதீனப் படி, டி 2.093. ஆயிடை 20.7% முதல் 39.3% வரை. கருவி எதுவானாலும், இந்தத் தகவலைக் கொடுக்காதவரை முன்னைய ஒடுங்கிய விடையைத்தான் தரும்.

இந்த வேலைக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது ஆரின் ‘சர்வே’ பொதி. ‘எஸ்விவைடிசைன்’ இல் கொத்து, படை (மாதிரி எடுக்கமுன் பிரித்த வகை), நிறை (மாதிரியின் ஒரு வீடு எத்தனை வீட்டுக்காக நிற்கிறது) மூன்றையும் கொடுத்து, பின் ‘எஸ்விவைமீன்’ அல்லது ‘எஸ்விவைசிபுரொப்’. வேலையில் தடக்கும் இடங்கள் மூன்று.

கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் 1, 2, 3 என்று திரும்பத் திரும்ப இலக்கம் போட்டிருந்தால், கொத்துகள் படைக்குள் அடங்கவில்லை என்று நிரல் நின்றுவிடும்; ‘நெஸ்ட்=ட்ரூ’ கொடுக்க வழிவிடும். பாரிய நீர்ப்பாசனம், சிறிய நீர்ப்பாசனம், மானாவாரி என்று படை பிரித்து, மானாவாரியில் ஒரே ஒரு கொத்து மட்டும் அகப்பட்டிருந்தால், அந்தப் படைக்குள் மாறலைக் கணிக்க வழியில்லாமல் மறுபடி நிற்கும். ‘லோன்லி.பிஎஸ்யு’ தெரிவை ‘அட்ஜஸ்ட்’ என்று மாற்றினால் ஓடும். ஆனாலும் களத்துக்குப் போகமுன்பே படைக்கு இரண்டு கொத்தாவது இருக்கும்படி திட்டமிடுவதே நல்லது. மூன்றாவதுதான் சத்தமில்லாதது. ‘எஸ்விவைமீன்’ விடையை ‘கொன்ஃபின்ட்’ இடம் கொடுத்தால் அது முடிவிலி சுயாதீனப் படி என்று கொண்டு 1.96 ஐ எடுக்கும். மேலே சொன்ன ஆயிடை 21.2 – 38.8 என்று சற்று ஒடுங்கும். சுயாதீனப் படிக்கு ‘டெக்எஃப்’ சார்பின் விடையைக் கையால் கொடுங்கள். ‘எஸ்விவைசிபுரொப்’ இதைத் தானே செய்துகொள்ளும்.

பைதனிலும் ஸ்டாட்ஸ்மொடல்ஸில் கொத்துசார் நியம வழு எடுக்கலாம்; ‘யூஸ்_டி=ட்ரூ’ கொடுக்க மறந்தால் இதே 1.96 பிரச்சினைதான். எக்செல்லில் கொத்து மாதிரியை நேர்மையாகச் செய்ய ஓர் எளிய வழி உண்டு: பிரிவுக்குச் சரிசமமாகப் பத்து வீடு, நிறையும் ஒன்றே என்றால், 20 பிரிவுகளின் விகிதசமன்களை 20 எண்களாக எடுத்து, அவற்றுக்கு டி ஆயிடை போடுங்கள். பார்வைக்கு 200 இலிருந்து 20 ஆகக் குறைந்ததுபோல இருக்கும். உண்மையில் இழந்தது ஒன்றுமில்லை. நம்பிக்கை ஆயிடைக்கு 1937இல் வடிவம் கொடுத்த நெய்மன்தான் 1934இல் படைமுறை மாதிரியெடுப்பின் கணக்கையும் எழுதினார். மாதிரி எடுத்த விதத்தை மறந்து ஆயிடையை மட்டும் தனியே பிடுங்கி எடுப்பது அவர் வழியல்ல.

பூட்ஸ்ட்ராப்: எப்போது, எப்போது வேண்டாம்

எஃப்ரொன் 1979இல் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப் முறை, கையிலுள்ள மாதிரியிலிருந்தே மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து ஆயிடை காண்கிறது. ‘எந்தப் பரம்பலும் கொள்ளத் தேவையில்லை’ என்பதால் இது எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்புவோர் அதிகம். நம் பன்னிரண்டு வயல்களுக்கு, மீள்மாதிரி இடைகளில் நடுவிலுள்ள 95% ஐ எடுக்கும் சாதாரண சதமான பூட்ஸ்ட்ராப் போட்டால் வருவது ஏறத்தாழ 1510 முதல் 1630 வரை. முதலாமவரின் பிழையான விடையேதான்! மீள்மாதிரியின் தளம்பல் 12 ஆல் பிரித்த நியம விலகலுக்கே சமம். டி க்குரிய இடமும் அதில் இல்லை. சிறிய மாதிரியைப் பத்தாயிரம் தடவை குலுக்கினாலும் அது பெரிய மாதிரி ஆகாது.

இடையத்துக்கு, அல்லது யானை அழித்த பயிரின் இழப்புப்போலப் பலருக்குப் பூச்சியமும் சிலருக்குப் பெருந்தொகையுமாக வரும் தரவுக்கு, மாதிரி நூறைத் தாண்டினால் பூட்ஸ்ட்ராப் நன்றாக உதவும். அப்போதும் சதமான முறையைவிட, சாய்வையும் சரிவையும் திருத்தும் ‘பிசிஏ’ முறையே நல்லது. சைபையின் ‘பூட்ஸ்ட்ராப்’ சும்மா விட்டாலே அதைத்தான், 9999 மீள்மாதிரியுடன் எடுக்கும். ஆரின் ‘பூட்’ பொதியில் நீங்கள் எழுதும் சார்பு தரவு, சுட்டெண் என்று இரண்டை வாங்கவேண்டும். உள்ளே சுட்டெண்ணைப் பயன்படுத்த மறந்தால் எல்லா மீள்மாதிரியும் ஒரே விடை தந்து, ஆயிடை கணிக்க முடியாது என்று செய்தி வரும். கொத்து மாதிரியானால் வீடுகளை அல்ல, கொத்துகளை மீள எடுக்கவேண்டும்.

சரிந்த தரவுக்கு மடக்கை எடுத்து ஆயிடை போட்டுத் திருப்பி மாற்றுவோரும் உண்டு. திருப்பியபின் கிடைப்பது பெருக்கல் இடையின் ஆயிடை, சாதாரண இடையினது அல்ல. நட்டஈட்டு மொத்தத்துக்கு அதை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் தொகை குறைந்துவிடும்.

ஆட்டக்காரி, ஏடீ 362 என்ற நெல்லினங்களை ஒப்பிடுவதுபோல இரண்டு இடைகளின் வித்தியாசத்துக்கு ஒரு சொல்: ஆரின் ‘டி.டெஸ்ட்’ மாறல்கள் சமமல்ல என்று கொள்ளும் வெல்ச் முறையில் தொடங்கும், சைபையின் ‘டிடெஸ்ட்_இண்ட்’ சமம் என்று கொள்ளும். வெல்ச்சையே எடுங்கள். இரண்டு ஆயிடைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கண்ணால் பார்த்து “வித்தியாசம் இல்லை” என்று எழுதவேண்டாம். வித்தியாசத்துக்கே ஆயிடை எடுங்கள்.

கருவி

ஓர் இடையோ ஒரு விகிதசமனோ மட்டும் என்றால் எக்செல் காணும், மேலே தந்த சூத்திரங்களுடன். வீட்டு ஆய்வு, பயிர்வெட்டு ஆய்வு, நிறை கொடுத்த மாதிரி என்றால் ஆர். பைதனை ஏற்கெனவே வேறு வேலைக்குப் பயன்படுத்துபவர் அதிலேயே தொடரலாம், ஒவ்வொரு சார்பிலும் முறையின் பெயரை வெளிப்படையாக எழுதும் பழக்கம் இருந்தால்.

கைத்தொலைபேசி டேட்டாவை நம்பி இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸுக்கான ஆர் நூறு எம்பிக்கும் குறைவு. அனகொண்டாத் தொகுப்பு ஒரு ஜிபிக்குக் கிட்ட. ‘சர்வே’ பொதியை நல்ல இணைப்புள்ள இடத்தில் சிப் கோப்பாக இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுபோய் நிறுவலாம். அது சார்ந்திருக்கும் பொதிகளையும் சேர்த்து இறக்கவேண்டும். அவை உங்கள் ஆர் பதிப்புக்கு உரியவையாகவும் இருக்கவேண்டும், 4.3 க்கு 4.4 இன் கோப்பு ஒத்துவராது.

மறுபடி அந்தப் பன்னிரண்டு வயலுக்கு வருவோம். 95% என்பது, இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால் நூறில் தொண்ணூற்றைந்து ஆயிடைகள் உண்மை இடையைப் பிடிக்கும் என்பது. அது எழுமாற்று வழுவுக்கான உத்தரவாதம் மாத்திரமே, தராசுக்கு அல்ல. வெட்டியவுடன் நிறுத்த நெல்லில் ஈரப்பதன் 20% இருந்து, அறிக்கை 14% க்குக் கேட்டால், 1570 ஐ 80 ஆல் பெருக்கி 86 ஆல் பிரிக்கவேண்டும்: 1460 கிலோ. நாம் இவ்வளவு கவனமாகக் கணித்த 1500 – 1640 இன் உள்ளேயே அது இல்லை. ஆயிடையின் இரு எல்லைகளையும் அதே விகிதத்தால் பெருக்கி, அறிக்கையில் இப்படி எழுதலாம்: “ஏக்கருக்கு 1460 கிலோ, 14% ஈரப்பதனில், 95% நம்பிக்கை ஆயிடை 1395 – 1526, 12 வயல்கள், தனி எழுமாற்று மாதிரி, டி முறை, 11 சுயாதீனப் படி.”